பிள்ளைகளின் மாயக் கதைகளும் நாம் சொல்லாத கதைகளும்

பிரித்தானிய அரசு 2026ஆம் ஆண்டைத் தேசிய வாசிப்பு ஆண்டாக அறிவித்திருக்கிறது. 1998இலும் 2008இலும் இப்படியான ஆண்டுகள் முன்னெடுக்கப்பட்டன, இது மூன்றாவது. இம்முறை அவசரத்துக்குக் காரணம் உண்டு. தேசிய எழுத்தறிவு அறக்கட்டளை 2025இல் வெளியிட்ட ஆய்வின்படி, 8 முதல் 18 வயது வரையான பிள்ளைகளில் ஓய்வு நேரத்தில் வாசிப்பது தமக்குப் பிடிக்கும் என்று சொன்னோர் 32.7 சதவீதம் மட்டுமே. நாள்தோறும் ஏதாவது வாசிப்பதாகச் சொன்னோர் 18.7 சதவீதம். 2005இல் இதே கேள்விக்குப் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் பிடிக்கும் என்று பதில் சொல்லியிருந்தார்கள். இருபது ஆண்டுகளில் இதுவே மிகத் தாழ்ந்த நிலை. பெண் பிள்ளைகளில் 39.1 சதவீதமாக இருக்கும் விருப்பம் ஆண் பிள்ளைகளில் 25.7 சதவீதமாக இருக்கிறது. 11 முதல் 16 வயது வரையான ஆண் பிள்ளைகளிடம் சரிவு மிகவும் கூடுதலாகத் தெரிகிறது.

இந்தச் செய்தியைப் பார்க்கும் எமது பெற்றோர் பலருக்கு, இது வேறு யாரோ வீட்டுப் பிரச்சினை என்று தோன்றலாம். எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள்தானே? ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் ரூட்டிங்கிலும் குறோய்டனிலும் சனி, ஞாயிறு என்றும் பாராமல் ரியூசனுக்கு ஓடுகிறார்கள். சட்டன், கிங்ஸ்ரன், றெட்பிறிட்ஜ் பகுதிகளின் கிறாமர் பாடசாலைகளுக்கான பதினொரு வயதுப் பரீட்சைக்கு ஒன்பது வயதிலேயே ஆயத்தமாகிறார்கள். ஆனால் தமிழில் படிப்பது வேறு, வாசிப்பது வேறு. ஆய்வு கேட்டது இரண்டாவதைப் பற்றி. பரீட்சைக்காகச் சொற்பட்டியலோடும் பழைய ஆங்கில நாவல்களோடும் மல்லுக்கட்டும் பிள்ளை, பரீட்சை முடிந்த அன்றே புத்தகத்தை மூடிவிடுகிறது. சரிவு கூடுதலாகத் தெரியும் வயதும் அதே பதினொன்றில்தான் தொடங்குகிறது.

அப்படி மூடிவிடாமல் தொடர்ந்து வாசிக்கும் பிள்ளைகள் எதை வாசிக்கிறார்கள்? அதை எமது வீடுகள் எப்படிப் பார்க்கின்றன? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

மேசைமேல் இருக்கும் புத்தகம்

லண்டனின் எந்தப் பெரிய புத்தகக் கடைக்குள் நுழைந்தாலும் வாசலிலேயே ஒரு மேசை இருக்கும். ட்ராகன், வாள், மகுடம், முட்செடி போட்ட பளபளக்கும் அட்டைகள் அதில் அடுக்கப்பட்டிருக்கும். அநேகமாக எல்லாம் தடித்த நூல்கள். மாயப் புனைவையும் காதல் கதையையும் சேர்த்துப் பிசைந்த இந்த வகைக்கு ஆங்கிலத்தில் ரொமான்ரசி என்று பெயர். சாரா ஜே. மாஸ், றெபெக்கா யாரோஸ் ஆகிய இரு அமெரிக்க எழுத்தாளர்கள் இதன் அரசிகள். யாரோஸின் 'ஒனிக்ஸ் ஸ்ரோம்' 2025 ஜனவரியில் வெளிவந்தபோது முதல் வாரத்திலேயே அமெரிக்காவில் மட்டும் 27 இலட்சம் பிரதிகள் விற்றன. வளர்ந்தோர்க்கான நாவல்களில் இருபது ஆண்டுகளில் இத்தனை வேகமாக எதுவும் விற்றதில்லை என்று எழுதப்பட்டது. அதே ஆண்டு ஜூனில், காதல் கதைகளை மட்டுமே விற்கும் லண்டனின் முதற் கடை நொட்டிங் ஹில்லில் திறக்கப்பட்டது.

இந்த அலையைக் கிளப்பியவர்கள் பத்திரிகை விமர்சகர்கள் அல்லர். ரிக்ரொக்கில் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி, எந்தப் பக்கத்தில் அழுதேன் என்று சொல்லும் இளம் பெண்களே இதற்குக் காரணம். புக்ரொக் என்று அழைக்கப்படும் அந்த வட்டத்துக்கென்று ஒரு பரிந்துரை மொழி இருக்கிறது. 'பகைவர் காதலராகும் கதை', 'ஒரே கட்டில் மட்டும் உள்ள விடுதி' என்று கதையின் அச்சைச் சொல்லிப் பரிந்துரைப்பார்கள். படுக்கையறைக் காட்சிகள் எவ்வளவு என்பதை மிளகாய்ப் படம் போட்டுக் காட்டுவார்கள். ஒரு மிளகாய் என்றால் முத்தத்தோடு சரி. நான்கைந்து என்றால் பிள்ளையின் கையில் கொடுக்க முன் பெற்றோர் யோசிக்கவேண்டும். காரத்தை அளந்து சமைக்கும் எமக்கு இந்த அளவுகோல் விளங்காதது அல்ல. அப்படி ஒன்று இருப்பதே எமக்குத் தெரியவில்லை என்பதுதான் சிக்கல்.

எமது வீடுகளில் இந்தப் புத்தகங்களுக்கு இரண்டு விதமான வரவேற்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் தடித்த புத்தகம் வாசிக்கிறாள், நல்லது என்று அட்டையைக்கூடப் பார்க்காமல் மகிழ்வது ஒன்று. அட்டையைப் பார்த்து, "இந்தக் குப்பையை விட்டிட்டுப் பாடத்தைப் படி" என்று சொல்வது மற்றது. இரண்டிலும் புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இரண்டாவதின் பின்னால் இன்னொரு பயமும் உண்டு. காதல் கதை வாசிக்கும் மகள் காதலிக்கத் தொடங்கிவிடுவாள், அதுவும் 'எங்கட ஆக்கள்' அல்லாத ஒருவரை என்ற பயம் அது. சாதியை ஊரில் விட்டுவிட்டு வந்ததாகப் பொதுவெளியில் சொல்லிக்கொள்ளும் நாம், திருமணப் பேச்சு வரும்போது அதைப் பெட்டியிலிருந்து எடுக்கிறோம். இது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே தாங்கள் வாசிக்கும் காதல் கதையைப் பற்றி எம்மிடம் வாய் திறக்க மாட்டார்கள்.

நாம் எதை வாசித்து வளர்ந்தோம்?

இன்று ஐம்பது, அறுபது வயதில் இருக்கும் யாழ்ப்பாணத்தவர் ஒருவரிடம் சிறுவயதில் என்ன வாசித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். முதலில் பாரதியார், திருக்குறள் என்று தொடங்குவார். கொஞ்சம் விட்டுப் பிடித்தால் அம்புலிமாமா வரும். 1947இல் சென்னையில் தொடங்கிய அந்த மாத இதழின் வேதாளமும் இராட்சதர்களும் அரசகுமாரிகளும் வருவார்கள். அதன் பின்னால் இரும்புக்கை மாயாவி வருவார். 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழின் நாயகன் அவர். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அந்த மனிதர் உண்மையில் லண்டன்காரர். 1962 முதல் 'வேலியன்ற்' என்ற பிரித்தானியச் சிறுவர் இதழில் வந்த படக்கதையின் தமிழாக்கமே அது. லண்டன் சிறுவர்களுக்காக எழுதப்பட்ட மாயக் கதை, சிவகாசி வழியாகப் பருத்தித்துறைக்கும் சாவகச்சேரிக்கும் போய்ச் சேர்ந்தது. அதை வாங்கி வாசித்த பெடியன்கள் பலர் இன்று லண்டனில் பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள்.

காதல் கதைகளும் அப்படியே. ரமணிசந்திரனின் நாவல்கள் எத்தனை வீடுகளில் கைமாறின என்பது அம்மாக்களுக்கும் சித்திமாருக்கும் தெரியும். 1970களில் இந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களை வரிசையாக வெளியிட்டது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று', அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' ஆகியவை அப்படி வந்தவை. 'நிலக்கிளி' வன்னியின் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டது. 'வாடைக்காற்று' 1978இல் திரைப்படமாகவும் வந்தது. இன்று பல்கலைக்கழகங்களில் ஆராயப்படும் இந்த இரண்டு நாவல்களையும் அன்று சாதாரண வாசகர் விரும்பிப் படித்ததற்கு அவற்றில் இருந்த காதலும் ஒரு காரணம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது அடுத்த இதழுக்காக வாசகர்கள் காத்துக்கிடந்தார்கள். ஆழ்வார்க்கடியானையும் நந்தினியையும் பற்றி அன்று நடந்த வாதங்களுக்கும் இன்று புக்ரொக்கில் நடக்கும் வாதங்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

அந்தக் காலத்துப் பரிந்துரை எப்படி நடந்தது? ஊர் வாசிகசாலையில் ஒருவர் வாசித்து முடிக்கும்வரை பக்கத்து வாங்கில் இன்னொருவர் காத்திருப்பார். புத்தகம் ஒன்று ஒழுங்கை முழுவதும் சுற்றி, அட்டை கழன்று, உரியவரிடம் வந்து சேரும். "இதை வாசி, முடிவை மட்டும் சொல்லமாட்டன்" என்று அக்கா தங்கைக்குக் கொடுப்பார். பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து வாசித்ததும் உண்டு, பிடிபட்டு அடி வாங்கியதும் உண்டு. 1981இல் யாழ். பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டபோது ஓலைச் சுவடிகளும் கிடைத்தற்கரிய நூல்களும் அழிந்ததை நாம் ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். அது சரிதான். அந்த நூலகத்தில் சிறுவர் பகுதியும் இருந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

ஆக, கதைக்குள் தொலைந்துபோகும் பழக்கத்தைப் பிள்ளைகள் பிரித்தானியாவில் புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. எமது பரம்பரைச் சொத்து அது. மொழி மாறியிருக்கிறது, பரிந்துரைப்பவர் மாறியிருக்கிறார். அக்காவின் இடத்தில் இப்போது ரிக்ரொக் இருக்கிறது.

ட்ராகனுக்கு அப்பால்

இனி அந்தத் தடித்த புத்தகங்களுக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம். யாரோஸின் முதல் ரொமான்ரசி நாவலான 'ஃபோர்த் விங்' 2023இல் வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் ட்ராகன் மீதேறிப் போர் செய்யப் பயிலும் இளம் பெண்ணின் காதல் கதை. கதையின் அடித்தளம் வேறு. ஒரு மாகாணம் கிளர்ச்சி செய்து தோற்றிருக்கிறது. கிளர்ச்சித் தலைவர்களை அரசு கொன்றிருக்கிறது. அவர்களுடைய பிள்ளைகளின் உடலில் கிளர்ச்சியின் அடையாளம் பதிந்திருக்கிறது. பெற்றோரின் குற்றத்துக்குத் தண்டனையாக அந்தப் பிள்ளைகள் அரசின் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்படுகிறார்கள். நாயகி ஆவணக்காப்பாளராகப் பயின்றவள். ஆவணக்காப்பகத்தில் தான் படித்த வரலாறு திருத்தப்பட்டது என்பதை அவள் மெல்ல மெல்லக் கண்டுபிடிக்கிறாள்.

இந்தச் சுருக்கத்தை மீண்டும் ஒருமுறை வாசியுங்கள். தோற்கடிக்கப்பட்ட ஒரு மக்கள், தகப்பனின் பெயரால் குறிவைக்கப்படும் பிள்ளைகள், அழிக்கப்பட்ட ஆவணங்கள். இதை எழுதியவருக்கு எம்மைப் பற்றிய எண்ணம் எதுவும் இருந்திருக்கத் தேவையில்லை. வெம்பிளியிலோ இல்ஃபோர்ட்டிலோ இருந்து இதை வாசிக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு இது முற்றிலும் அந்நியமான கதையும் அல்ல. ஆனால் தன் வீட்டிலேயே இதையொத்த கதை ஒன்று இருக்கிறது என்பது அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு தெரியும்? மே 18 நிகழ்வுக்கு அழைத்துப் போகிறோம், பதாகை பிடிக்கச் சொல்கிறோம். அம்மா எந்த வழியாக நடந்து வந்தார், மாமா ஏன் திரும்பி வரவில்லை, அப்பா எத்தனை நாடு தாண்டி இங்கே வந்தார் என்பவற்றைப் பல வீடுகளில் சொல்வதில்லை. வலி காரணம், பயம் காரணம், 'பிள்ளை படிக்கட்டும், இது எதற்கு' என்ற நினைப்பும் காரணம். நாம் சொல்லாமல் விட்ட இடத்தை ஒரு ட்ராகன் கதை நிரப்புகிறது.

இளையோர் புனைவு உலகெங்கும் இந்த வேலையைச் செய்துவருகிறது. சுசான் கொலின்ஸின் 'த ஹங்கர் கேம்ஸ்' 2008இல் வந்தது. அந்தக் கதையில் வரும் மூன்று விரல் வணக்கத்தை 2014இல் தாய்லாந்து மாணவர்களும் 2021இல் மியான்மார் இளைஞர்களும் இராணுவ ஆட்சிக்கு எதிராக வீதியில் உயர்த்தினார்கள். நைஜீரிய வேர்களைக் கொண்ட அமெரிக்கரான ரோமி அடெயெமி 2018இல் எழுதிய 'சில்ட்ரன் ஒஃப் பிளட் அன்ட் போன்', மாய ஆற்றல் பறிக்கப்பட்டு ஒடுக்கப்படும் ஒரு மக்களின் கதை. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் பொலிசாரால் சுட்டுக்கொல்லப்பட்டதன் கோபம் அதன் பின்னால் இருக்கிறது.

லண்டனிலேயே இதற்கு முன்னோடி உண்டு. மலோரி பிளக்மன் 2001இல் எழுதிய 'நோட்ஸ் அன்ட் குறொசஸ்', கறுப்பினத்தவர் ஆளும் வர்க்கமாகவும் வெள்ளையர் ஒடுக்கப்பட்டவர்களாகவும் உள்ள ஒரு கற்பனை நாட்டில் நடக்கிறது. ஆளும் வர்க்கத்துப் பெண்ணும் ஒடுக்கப்பட்ட வீட்டுப் பையனும் காதலிக்கிறார்கள். பையனின் குடும்பம் ஆயுதப் போராட்டத்துக்குள் இழுக்கப்படுகிறது. கடைத்தொகுதியில் குண்டு வெடிக்கிறது. யார் செய்தது சரி என்பதை நூல் எளிதாகச் சொல்லிவிடுவதில்லை. 2013 முதல் 2015 வரை சிறுவர் இலக்கிய அரசவை எழுத்தாளராக இருந்த பிளக்மனின் முயற்சியால், லண்டனில் இளையோர் இலக்கியத்துக்கென்றே ஒரு விழா 2014இல் தொடங்கியது. அவருடைய இந்த நாவலைத் தமிழ்ப் பெற்றோர் ஒருவர் வாசித்தால், அடுத்த நாள் பிள்ளையுடன் கதைக்க அவருக்கு நிறைய விடயங்கள் இருக்கும்.

ஒன்றை மறுப்பதற்கில்லை. ரொமான்ரசியின் கிளர்ச்சிகள் பெரும்பாலும் வசதியானவை. நல்லவர் யார், கெட்டவர் யார் என்பது கடைசியில் தெரிந்துவிடும். நாயகி வெல்வாள், காதலனும் உயிரோடு திரும்புவான். எமது வரலாறு அப்படி முடியவில்லை. அரசு செய்ததும், அமைதிப்படை என்று வந்தவர்கள் செய்ததும், எமக்குள் நாமே செய்துகொண்டதும் அதில் பின்னிக்கிடக்கின்றன. அதனால்தான் பிள்ளை ட்ராகன் கதையோடு நின்றுவிடாமல் அடுத்த படிக்குப் போக ஒருவர் கைகாட்ட வேண்டியிருக்கிறது. ரிக்ரொக் அந்த வேலையைச் செய்யாது. ஒரு ட்ராகன் பிடித்திருந்தால் இன்னொரு ட்ராகனைத்தான் அது காட்டும்.

பயத்தில் உள்ள நியாயம்

பெற்றோரின் கவலை முழுவதும் மூடநம்பிக்கை அல்ல. பிரித்தானியாவில் திரைப்படங்களுக்கு வயதுச் சான்றிதழ் உண்டு. புத்தகங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. 2008இல் பதிப்பாளர்கள் சிறுவர் நூல்களின் அட்டையில் வயதைக் குறிக்க முனைந்தபோது, பிலிப் புல்மன் உள்ளிட்ட எழுத்தாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். வயதைப் போட்டால் மெதுவாக வாசிக்கும் பிள்ளை வெட்கப்பட்டுப் புத்தகத்தையே விட்டுவிடும் என்பது அவர்களின் வாதங்களில் ஒன்று. அதில் நியாயம் இருந்தது. ஆனால் இன்று மறுபக்கச் சிக்கல் வந்திருக்கிறது.

சாரா ஜே. மாஸின் 'எ கோர்ட் ஒஃப் தோர்ண்ஸ் அன்ட் றோசஸ்' 2015இல் இளையோர் நூலாகவே வந்தது. ஹரி பொட்டரை வெளியிட்ட அதே புளூம்ஸ்பரி நிறுவனம்தான் வெளியிட்டது. 2020இல் அட்டை மாற்றப்பட்டு வளர்ந்தோர் பகுதிக்கு நகர்ந்தது. நூலின் உள்ளடக்கம் மாறவில்லை, தட்டு மட்டும் மாறியது. அதற்குள் ஒரு தலைமுறைப் பதின்ம வயதினர் அதை வாசித்து முடித்திருந்தார்கள். 'ஃபோர்த் விங்' தொடக்கம் முதலே வளர்ந்தோர்க்கான நூல். நாயகிக்கு இருபது வயது. வெளிப்படையான பாலுறவுக் காட்சிகள் உண்டு. ஆனால் அட்டையைப் பார்த்தால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் நூல் போலவே இருக்கும். காட்சிகளைவிட நாம் யோசிக்கவேண்டியது இன்னொன்று. அடக்கியாளும் ஆணையும் விடாமல் பின்தொடரும் ஆணையும் காதலன் என்று கொண்டாடும் கதைகளும் இந்த வகையில் இருக்கின்றன. அதைப் பதினான்கு வயதுப் பிள்ளை தனியாக வாசித்துத் தனியாகவே முடிவெடுப்பது நல்லதல்ல.

இதற்குத் தடை உதவாது. கையிலிருக்கும் புத்தகத்தைப் பறித்தால் அது தொலைபேசிக்குள் போய்விடும். உதவக்கூடியது விசாரிப்பு. பிள்ளைகளுக்கான நூல்களும் படங்களும் எந்த வயதுக்கு ஏற்றவை, ஏன் என்று விரிவாகச் சொல்லும் கொமன் சென்ஸ் மீடியா என்ற தளம் இருக்கிறது. லண்டனைச் சேர்ந்த நாடியா ஒடுனாயோ என்ற மென்பொருளாளர் தொடங்கிய ஸ்ரோரிகிராஃப் என்ற செயலியில் ஒவ்வொரு நூலிலும் வன்முறை, பாலுறவு, மரணம் எந்த அளவில் இருக்கின்றன என்று வாசகர்களே குறித்துவைக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பார்த்துவிட்டு, "இது இரண்டு வருடம் கழித்து வாசி, இப்ப இதை வாசி" என்று மாற்று ஒன்றைக் கையில் கொடுக்க முடிந்தால் பிள்ளை கேட்கும். கொடுக்க மாற்று இல்லாமல் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கேட்காது.

எமது பிள்ளை எந்தப் பக்கத்தில்?

மாற்று என்று எதைக் கொடுப்பது? இங்கேதான் எமது சமூகம் யோசிக்கவேண்டிய இடம் வருகிறது. தொடக்கநிலைக் கல்வியில் எழுத்தறிவுக்கான நடுவம் என்ற லண்டன் அமைப்பு, 3 முதல் 11 வயதுவரையான பிள்ளைகளுக்காகப் பிரித்தானியாவில் வெளிவரும் நூல்களைக் கணக்கெடுத்து வருகிறது. 2017இல் வந்த நூல்களில் வெள்ளையரல்லாத பாத்திரம் ஒன்றாவது இருந்தவை 4 சதவீதம். அப்படி ஒருவர் முதன்மைப் பாத்திரமாக இருந்தவை 1 சதவீதம். 2022இல் முதலாவது எண் 30 சதவீதம் வரை உயர்ந்தது. 2023இல் மீண்டும் 17க்கு விழுந்தது. இந்தச் சிறு பங்குக்குள்தான் கறுப்பினத்தவர், சீனர், பஞ்சாபியர், வங்காளியர் எல்லோரும். தமிழ்ப் பிள்ளைக்கு எத்தனை பக்கம் மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

இருந்தும் கையில் கொடுக்க நூல்கள் இருக்கின்றன. எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்கு நிஸ்ரானா பாரூக்கின் 'த கேர்ள் ஹூ ஸ்ரோல் அன் எலிஃபன்ற்' (2020). கொழும்பில் வளர்ந்து இங்கிலாந்தில் வாழும் அவர், பழைய இலங்கையை நினைவூட்டும் செரண்டிப் என்ற நாட்டில் யானை திருடும் சிறுமியின் சாகசத்தைச் சொல்கிறார். ரொஷானி சொக்ஷியின் 'ஆறு ஷா' தொடர் பாண்டவர் கதையை இன்றைய சிறுமிகளின் கையில் கொடுக்கிறது. பெங்களூரில் வளர்ந்து இங்கிலாந்தில் வாழும் சங்கு மந்தண்ணாவின் 'எ ஸ்பார்க் ஒஃப் வைட் ஃபயர்' (2018) மகாபாரதத்தை விண்வெளிக்குக் கொண்டுபோகிறது. பதின்மூன்று வயதுக்கு மேல் கொடுக்கலாம். ரொமான்ரசி விரும்பும் பதினாறு, பதினேழு வயதினருக்கு, லண்டனில் நூலகராகப் பணியாற்றிய ராஷா சூரியின் 'த ஜஸ்மின் த்ரோன்' இருக்கிறது. இந்தியத் தொன்மங்களில் கட்டப்பட்ட பேரரசில் இரண்டு பெண்களின் காதலைச் சொல்லும் அது 2022இல் உலக மிகைபுனைவு விருதைப் பெற்றது.

எமது வீட்டுக்கு இன்னும் நெருக்கமாக வருவோம். ஷியாம் செல்வதுரை, தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்து, 1983 கலவரத்தின் பின் கனடா சென்றவர். அவருடைய 'ஸ்விம்மிங் இன் த மொன்சூன் சீ' (2005) இளையோருக்காகவே எழுதப்பட்டது. 1980இன் கொழும்பில், தன் ஆண் மச்சான்மீது தனக்கு வரும் காதலை உணரும் பதினான்கு வயதுப் பையனின் கதை அது. சில வீடுகளில் முகம் சுளிப்பார்கள். அப்படியான ஒரு பிள்ளை தங்கள் வீட்டிலேயே மௌனமாக இருக்கக்கூடும் என்பதையும் அவர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

2024 ஜூன் மாதம் எமக்கு ஒரு சிறப்பான மாதம். வி. வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைற்' லண்டனில் பெண்கள் புனைவுப் பரிசை வென்றது. அதே மாதத்தில், கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகரவின் 'த செயின்ற் ஒஃப் பிறைற் டோர்ஸ்' அமெரிக்காவின் நெபுலா விருதைப் பெற்றது. முதலாவது, 1981இன் யாழ்ப்பாணத்தில் வைத்தியராகக் கனவு காணும் பதினாறு வயதுப் பெண்ணின் குரல். அண்ணன் தம்பிகளைப் போர் ஒவ்வொருவராக எடுத்துக்கொள்கிறது. அரசையும் அமைதிப்படையையும் இயக்கத்தையும் அந்தப் பெண் ஒரே கண்ணால் பார்க்கிறாள். இயக்கம் பற்றி அது சொல்வதை எம்மில் சிலர் ஏற்க மாட்டார்கள். ஏற்காதவர்களும் பிள்ளையோடு சேர்ந்து வாசித்து, ஏன் ஏற்கவில்லை என்று சொல்லட்டும்; அந்த உரையாடலே பெரிய பேறு. இரண்டாவது மாயப் புனைவு. ஆனால் அதில் வரும் கலவரங்களும் தடுப்பு முகாம்களும் மதத்தைக் கையில் எடுத்த அதிகாரமும் எந்த நாட்டிலிருந்து வந்தவை என்று எமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெற்கிலிருந்து ஒருவர் இதை எழுதினார் என்பதும் பிள்ளைகள் அறியவேண்டிய செய்தி. இரண்டையும் பதினாறு வயதுக்கு மேல் கொடுக்கலாம்.

ஹரோவில் பிறந்து, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போய், அம்மம்மாவோடு தமிழிலும் தம்பியோடு ஆங்கிலத்திலும் கதைக்கும் ஒரு பிள்ளையை நாயகியாகக் கொண்ட மாயக் கதையோ காதல் கதையோ அந்தக் கடை மேசைகளில் காண்பது இன்னும் மிக அரிது. அதை எழுதப்போகிறவர் இப்போது எமது வீடு ஒன்றில் வாசித்துக்கொண்டிருக்கலாம். 'எழுத்து சோறு போடாது' என்று அவரிடம் சொல்லும் முன் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, நூலகம். நூலக சேவை வழங்குவது 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளூராட்சி மன்றங்களின் கடமை. ஆனாலும் பிறென்ற் நகரசபை 2011இல் தன் பன்னிரண்டு நூலகங்களில் ஆறை மூடியது. பார்ஹாம் பார்க், ரோக்கிங்ரன், பிறெஸ்ரன் ஆகிய எம்மவர் வாழும் பகுதிகளின் நூலகங்களும் அவற்றுள் அடங்கும். ஹரோ 2015இல் றேனர்ஸ் லேன் உட்பட நான்கை மூடியது. பிறென்றில் மூடியவற்றில் சிலவற்றைத் தொண்டர்கள் மீட்டு நடத்துகிறார்கள். பயன்படுத்துவோர் குறைவு என்பது மூடுவதற்கு எளிதாகச் சொல்லப்படும் காரணம். ஆகவே அட்டை எடுங்கள், மேலே சொன்ன நூல்களைக் கேட்டுப் பதிவுசெய்யுங்கள். கேட்பாரில்லாத நூலை எந்த நூலகமும் வாங்காது.

இரண்டாவது, தமிழ்ப் பள்ளிகள். ஆண்டுதோறும் திருக்குறள் ஒப்புவித்தலும் பேச்சுப் போட்டியும் நடத்துகிறோம். அவற்றோடு, மூத்த மாணவர் தாம் ஆங்கிலத்தில் வாசித்த கதை ஒன்றைத் தமிழில் சொல்லும் போட்டியையும் சேர்த்தால் என்ன? பிடித்த கதையைச் சொல்லும்போது தமிழ் தானாக நீளும். 'ட்ராகன்' என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடி ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து தடுமாறட்டும், அதுவும் பாடமே.

மூன்றாவது, எதிர்த்திசைப் பரிந்துரை. சென்னையின் பிளாஃப்ற் பதிப்பகம் 2008இல் தமிழ் வெகுசனக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டது. ரமணிசந்திரனும் ராஜேஷ்குமாரும் அதில் இருக்கிறார்கள். 'பொன்னியின் செல்வன்' படத்தை 2022இலும் 2023இலும் திரையரங்கில் பார்த்த பிள்ளைகளுக்கு அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கிறது. அம்மா எதை ஒளித்து வைத்து வாசித்தார் என்பதை மகள் தெரிந்துகொள்ளட்டும். தமிழ் வாசிக்கக்கூடிய பிள்ளைக்கு, எண்ணிமமாக்கப்பட்ட ஆயிரக்கணக்கான ஈழத்து நூல்கள் நூலகம் தளத்தில் இலவசமாக உள்ளன.

நான்காவது, எல்லாவற்றிலும் எளியது. பிள்ளையிடம், "என்ன வாசிக்கிறாய்? எனக்கும் ஒருக்கால் கதையைச் சொல்லன்" என்று கேளுங்கள். உங்கள் ஆங்கிலம் போதாது என்று தயங்க வேண்டாம். கதையைக் கேட்க ஆங்கிலம் தேவையில்லை. முதல் தடவை "சும்மா ஒரு புத்தகம்" என்றே பதில் வரும். அடுத்த கிழமையும் கேளுங்கள். ஒரு நாள், தோற்றுப்போனவர்களின் பிள்ளைகளைப் பற்றி, கொளுத்தப்பட்ட ஆவணங்களைப் பற்றி, சேரக்கூடாத இருவரின் காதலைப் பற்றி உங்கள் பிள்ளை சொல்லத் தொடங்கும். அப்போது நீங்கள் சொல்ல வேண்டியது உங்களிடம் இருக்கிறது. இருபது, முப்பது வருடமாக அதற்கு ஒரு தொடக்கம்தான் கிடைக்கவில்லை.